மாத்திரை வழக்குகளும் அரசியல் சாசனமும்: நான் படித்த முறை

நீதிபதி தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் பலர் என்.டி.பி.எஸ். எனும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கஞ்சா, ஹெராயின் சட்டமாக மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் பதற்றத்துக்கான மாத்திரை அல்பிரசோலம், 2018-ல் சேர்க்கப்பட்ட வலிநிவாரணி டிரமடால் எல்லாமே இதற்குள்தான் வருகின்றன. நோயாளி கையில் மருந்தாக இருப்பது இன்னொருவர் கையில் குற்றப்பொருளாகிவிடுவதால், அரசியல் சாசனக் கேள்விகள் இங்கேதான் கூர்மையாக எழுகின்றன.

நான் எப்போதும் அரசியல் சாசனத்தின் உறுப்பு 47-ல் தொடங்குவேன். போதைப்பொருள் நுகர்வைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று சொல்லும் அந்த உறுப்பே மருத்துவத் தேவைக்கு விலக்கும் தருகிறது. அதே விலக்கு சட்டத்தின் 8(சி) பிரிவிலும் இருக்கிறது. ஆனால் சட்டமும் விதிகளும் உரிமமும் சொல்லும் முறைப்படி இருந்தால்தான் அந்த விலக்கு செல்லும். 2014-ல் சஞ்சீவ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. 2006-ல் ராஜேஷ் குமார் குப்தா வழக்கில் எடுத்த நிலைப்பாட்டையும் அது மாற்றியது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

அடுத்து, தண்டனையைத் தீர்மானிக்கும் அளவு. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அல்பிரசோலத்துக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 100 கிராம். அரை மில்லிகிராம் மாத்திரை ஆயிரம் பிடிபடுகிறது, ஒன்றின் எடை 0.12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் மருந்து மொத்தம் அரை கிராம்தான். ஆனால் மாத்திரைகளின் மொத்த எடை 120 கிராம். மருந்தை மட்டும் எடைபோட்டால் அதிகபட்சம் ஓராண்டு, முழு எடையையும் எடுத்தால் குறைந்தது பத்தாண்டு. முழு எடையைத்தான் பார்க்க வேண்டும் என்ற 2009 அறிவிக்கையை எதிர்த்து வந்த ஹீரா சிங் வழக்கில், 2020-ல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. மாத்திரையில் மருந்தோடு கலந்த மாவுக்கும் சுண்ணாம்புக்கும் சேர்த்துத் தண்டனை தருவது சமத்துவம் பேசும் உறுப்பு 14-க்கு எப்படிப் பொருந்தும்? விடைத்தாளில் தீர்ப்பை முதலில் சரியாக எழுதுங்கள், விமர்சனம் அப்புறம். வணிக அளவு என்றாகிவிட்டால் பிரிவு 37-ன் கடுமையான ஜாமீன் நிபந்தனைகளும் சேர்ந்து வரும். அதோடு 2023-ன் முகமது முஸ்லிம் தீர்ப்பையும் எழுதுங்கள். விசாரணை அநியாயமாக இழுத்தடிக்கும்போது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உறுப்பு 21-ஐ வைத்து ஜாமீன் கேட்கலாம் என்பதற்கு அது துணை நிற்கும்.

மற்ற தீர்ப்புகளை நீதிமன்றம் என்ன செய்தது என்பதை வைத்துப் பிரித்துக்கொண்டேன். ரத்து செய்ததற்கு 2000-ன் தாது வழக்கு: மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற அதிகாரத்தைப் பிரிவு 32ஏ பறித்த அளவுக்கு அது செல்லாது. ரத்து செய்யாமல் சட்டத்தின் பொருளை மட்டும் சுருக்கிப் படித்ததற்கு, கட்டாய மரண தண்டனை பற்றிய பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பு. நிபந்தனையோடு ஏற்றதற்கு 2008-ன் நூர் ஆகா: குற்ற அனுமானம், அதாவது குற்றம் செய்தவர் என்றே சட்டம் முன்கூட்டிக் கருதுவது, செல்லும், ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். 'செல்லும்' என்று மட்டும் எழுதிவிட்டு அந்த நிபந்தனையை விட்டால் விடையே பாதியாகிவிடும்.

தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம் (2020) வழக்கை முழுத் தீர்ப்பாகவே படியுங்கள். பிரிவு 67-ன் கீழ் அதிகாரி வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்த முடியாது என்று 2:1 பெரும்பான்மையில் தீர்ப்பானது. நீதிபதி இந்திரா பானர்ஜியின் மாறுபட்ட தீர்ப்பையும் விடாதீர்கள், எதிர்வாதம் அங்கேதான் கிடைக்கும். அதில் வரும், போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 23(1). இரண்டு எண்களையும் எழுதுங்கள்.