கிருஷ்ணம்மாள் அம்மாவும் கிரயப் பத்திரமும்

பாராட்டு விழாக்களில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. ஒரு தொண்டு நிறுவனத்தை நாற்பது வருஷம் நடத்தியவரை மேடையில் உட்காரவைத்து, தாயுள்ளம், தியாகச் சுடர் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். ஆட்களுக்குச் சம்பளம் போட மாசாமாசம் எங்கே பணம் புரட்டினார், எந்த அதிகாரி அறை வாசலில் காத்துக் கிடந்தார் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கு எழுதுகிறவன், எனக்கு அதைத்தான் கேட்க ஆசை.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பக்கம் நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர், அந்தக் காலத்திலேயே பட்டம் வாங்கியவர், சுதந்திரப் போராட்டத்தில் இருந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950-ல் மணந்தவர். நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் கணவன் மனைவி இருவரும் இறங்கினார்கள். காந்தியவாதி என்றதும் நமக்கு ராட்டையும் கதர்ப் புடவையும்தான் மனசில் வரும். அவர் செய்த வேலையைப் பார்த்தால் பாதிக்கு மேல் பேரம், கடன், பத்திரம், கேஸ்.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழத்தஞ்சையில் உள்ள கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின் முடிவு அது. அதற்குப் பிறகு இருவரும் கீழத்தஞ்சைக்கே வந்து தங்கி வேலை செய்தார்கள். அங்கே நிலம் மிராசுதார்கள் கையிலும் கோயில், மடங்கள் பேரிலும் இருந்தது, ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்புச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பினாமி என்று ஒரு வழி எப்போதும் திறந்தே இருந்தது. தானமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு இல்லையா? (பூதானத்தில் வந்த நிலம் எல்லாமே உழக்கூடிய நிலமாக இருந்துவிடவும் இல்லை.)

1981-ல் உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி (LAFTI) அமைப்பை ஆரம்பித்தபோது அவர்கள் பிடித்த வழி வேறு. நிலத்தை விற்க நினைக்கிற உடைமையாளரையும் அங்கே கூலிக்கு இறங்குகிறவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து விலை பேசுவது, வாங்கக் கடன் ஏற்பாடு செய்வது, உழைத்து அடைக்க வைப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. கையில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? கொடுக்கவில்லை, முதலில் தயங்கத்தான் செய்தார்கள். முத்திரைத்தாள் செலவு வேறு கழுத்தை நெரித்தது. அப்படியும் விடாமல், 2007 வாக்கில் சுமார் 13,000 ஏக்கர் நிலம் ஏறத்தாழ அத்தனை குடும்பங்களுக்குக் கைமாறியிருந்தது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கணக்கு. இதற்குப் பின்னால் எத்தனை வில்லங்கச் சான்று, எத்தனை பட்டா மாறுதல், சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை பகல் பொழுது போயிருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. எங்கள் டிரஸ்டில் ஒரே ஒரு மனையைப் பதிவு செய்யவே நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்புறம் இறால் பண்ணை. தொண்ணூறுகளில் கடலோரத்தில் வயலுக்குப் பக்கத்திலேயே பண்ணைக்காரர்கள் குளம் வெட்டி உப்புத் தண்ணீரைத் தேக்கினார்கள், குடிதண்ணீரும் நெல்லும் கெட்டன. சத்தியாகிரகத்தோடு நிற்காமல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதோடு முடியவில்லை என்பதுதான் கொடுமை. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது என்பது என் கருத்து. அப்போது அம்மாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது, குடிசையில் இருக்கிறவர்களுக்குச் செங்கல் வீடு கட்டிக்கொடுப்பதில் முனைந்திருந்தார்.

விருதுகள் வராமல் இல்லை. 1989-ல் பத்மஸ்ரீ, 2008-ல் கணவரோடு சேர்த்து ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல் பத்மபூஷண். ஜெகந்நாதன் 2013-லேயே போய்விட்டார். சரி, விருதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எளிமை, கருணை என்று நாலு பத்தி எழுதிவிட்டு, அந்தக் கடன்களை எந்தத் தவணையில் எப்படி அடைத்தார்கள் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இன்றைக்கு இருபத்தைந்து வயசில் தொண்டு நிறுவன வேலைக்கு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு வரியைத்தான் நான் பத்துப் பக்கமாக விரித்துக் கொடுப்பேன்.