ஷாஜகானுக்கு ஆள் தேவை

நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டால் போதும், அன்று சாயங்காலமே எங்கள் ஹாஸ்டல் மொட்டைமாடி நிறைந்துவிடும். துணி காயும் கொடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு மூலையில் ஜெராக்ஸ் தாளும் கையுமாக நின்று, ஒருத்தி அழுவாள், ஒருத்தி அதட்டுவாள். மதுரையில் ஒரு மகளிர் கல்லூரி. ராஜா, மந்திரி, காவலாளி எல்லாமே நாங்கள்தான். மீசை ஒட்டும் பசை காய்ந்தால் தோல் எப்படி இழுக்கும் என்று எங்கள் செட்டில் பாதிப் பேருக்குத் தெரியும்.

முதல் வருஷம் பாஞ்சாலி வேடத்துக்குப் போனேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தேன். செமினார் ஹாலில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். இரண்டாவது வரி முடிவதற்குள் ஒரு பேராசிரியை கையைத் தூக்கி, "ழகரம் வரலை. அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். சோழவந்தான் பக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது பளம், மளை, கெளவி. சோழவந்தானே எங்களுக்குச் சோளவந்தான்தான். அப்படிப் பேசித்தான் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினேன். அது ஒரு குறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் நாக்கை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆனால் நாடகத்தின் மேல் இருந்த ஆசை ஒரு துளிகூடக் குறையவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர். வைகாசியில் சோழவந்தான் ஜெனகை மாரியம்மனுக்குத் திருவிழா. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் இருக்கும். தாத்தா என்னைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய் ஆர்மோனியக்காரர் பக்கமாக உட்காரவைப்பார். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை என்று ஒன்று கிடையாது. சில சமயம் மேடையிலேதான் முதல் தடவையாகச் சந்தித்துக்கொள்வார்கள். வேலன் எதைக் கேட்டாலும் வள்ளி அந்த நிமிஷமே பதில் சொல்லியாக வேண்டும். எதிராளி பேசும்போது அந்த அம்மாக்கள் காதைக் கொடுத்து நிற்கிற நிற்பு இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

இரண்டாம் வருஷம் இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்'. வெளியிலிருந்து ஒரு இயக்குநர் வந்திருந்தார். நான் ஜகனாராவுக்காகத் தயார் செய்தேன். லைப்ரரியில் முகலாய வரலாற்றை எடுத்துப் படித்தேன். 1658இல் அப்பா ஷாஜகானை ஆக்ரா கோட்டைக்குள் சிறைவைத்துவிட்டார் ஔரங்கசீப். அடுத்த வருஷம் அவருடைய அண்ணன் தாரா கொல்லப்படுகிறார். ஜகனாராவின் தங்கை ரோஷனாரா ஔரங்கசீப் பக்கம். மூத்தவள் ஜகனாரா மட்டும் 1666இல் அப்பா சாகும்வரை அதே கோட்டையில் அவரோடு இருக்கிறார். கிட்டத்தட்ட எட்டு வருஷம்! ஒரு மகள் அப்படி இருந்தாள் என்பதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த வேடத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஆடிஷன் அன்று என் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன். எதிரில் இன்னொரு பெண். இயக்குநர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நீ ஷாஜகான் படிம்மா, அவங்க ஜகனாரா" என்று தாளை மாற்றிக் கொடுத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஷாஜகான் வசனத்தை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்ததில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். குரலை நடுங்கவைத்தேன், முதுகை வளைத்தேன், இருமினேன். இயக்குநர் நிறுத்தினார். எனக்கு முதல் வருஷ ஞாபகம் வந்து கை சில்லிட்டுவிட்டது. ஆனால் அவர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. "உங்க வீட்ல வயசானவங்க யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

தாத்தா இருக்கிறார் என்றேன். "அவர் நடுங்குவாரா?"

இல்லை. தாத்தா நடுங்கமாட்டார். அவருக்குக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலைதான் எங்கள் ஊருக்கே பிழைப்பு. அத்தை கல்யாணத்துக்காகக் கொடிக்காலை விற்று அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தவர், விடிந்ததும் என் அம்மாவிடம் கேட்கிற முதல் கேள்வி, "கொடிக்காலுக்குத் தண்ணி பாச்சியாச்சா?" அம்மா ஒரு நாளும் விற்றதைச் சொல்லிக் காட்டியதில்லை. "பாச்சியாச்சு மாமா" என்பாள். அதைக் கேட்ட பிறகு அவருடைய வலது கை போர்வை மேல் வேலையை ஆரம்பித்துவிடும். கட்டைவிரல் நகத்தால் காம்பைக் கிள்ளி, இலையை இடது பக்கம் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். போர்வையில் இலை எதுவும் இருக்காது. ஆனால் அடுக்கு உயர உயரக் கையும் உயரும்.

நாடகத்தில் ஷாஜகான் இன்னொரு மஹால் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறார், கறுப்புப் பளிங்கில். கட்டப்போவதில்லை என்று சுற்றியிருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது தடவை நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். இருமவில்லை. வசனத்தைச் சாதாரணமாகக் கேட்டேன், தண்ணீர் பாய்ச்சியாயிற்றா என்று கேட்கிற மாதிரி. எதிரில் நின்ற பெண் பதில் சொல்ல ஆரம்பித்ததும் என் வலது கை தானாகவே முழங்கால் மேல் கிள்ளி அடுக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் என் கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தியதும் நானும் தாழ்ந்தேன். ஹாலில் ஃபேன் சத்தம் கேட்டது.

மறுநாள் பட்டியலில் ஷாஜகானுக்கு நேராக என் பெயர். ஜகனாராவுக்கு நேராக அந்தப் பெண். வார்டனிடம் ராத்திரி எட்டரை வரை அனுமதி வாங்கியது தனிப் பாடு, அதை விடுங்கள். ழகரத்துக்கு இயக்குநர் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒத்திகை தொடங்குவதற்கு முன்னால் தினமும் பத்து நிமிஷம், "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கிக் கீழே விழுந்தான்." மெதுவாக, நாக்கு நுனி எங்கே போகிறது என்று கவனித்து. இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. இரண்டே வாரம்! அதற்காகத்தான் ஒரு வருஷம் என்னை வெளியே நிற்கவைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தாத்தாவை நாடகத்துக்குக் கூட்டிவர முடியவில்லை. அம்மா வந்திருந்தாள். முடிந்ததும் கிரீன் ரூமுக்கு வந்து, பசையும் தாடியுமாக இருந்த என் வலது கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவே இல்லை.

மூன்றாம் வருஷம் எங்கள் செட்டே சிலப்பதிகாரத்திலிருந்து வழக்குரை காதையை எடுத்து நாடகமாக எழுதினோம். ஆடிஷனில் எதிர்வசனம் படிக்கிற வேலை எனக்கு. வருகிற ஒவ்வொரு கண்ணகிக்கும் நான் பாண்டியன். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். முப்பது தடவை தோற்கிற ராஜாவாக இருந்தேன், ஒவ்வொரு தடவையும் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுத்தான் தோற்றேன். படித்துக் காட்டுகிறவளுக்கு எதிராளி காது கொடுக்கவில்லை என்றால் அவள் சுவரோடுதான் பேச வேண்டும்.

கடைசி ஆட்களில் ஒருத்தி, முதல் வருஷம், உசிலம்பட்டிப் பக்கம். சிலம்பை எடுத்துக் காட்டுகிற இடத்தில் வெறுங்கையை நீட்டினாள், நான் என்னை அறியாமல் அந்தக் கையைப் பார்த்தேன். "என் வளக்கக் கேளு" என்றாள். மேசைக்குப் பின்னாலிருந்து கை உயர்ந்தது. அதே பேராசிரியைதான்.

"மேடம், அது ரிகர்சல்ல ரெண்டு வாரத்துல வந்துரும்" என்றேன். "எனக்கு வந்துச்சு. முழுசும் படிக்கட்டும் மேடம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையை இறக்கிவிட்டு, "சரி, முதல்லேருந்து" என்றார்.

அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். நான் பாண்டியன் வசனத்தை முதல் வரியிலிருந்து எடுத்தேன்.