தார்ப்பாய் கிளிப்: ஒரு டை நாட்குறிப்பு

ஜனவரி 12, 2025

கடலூர் முதுநகரில் எங்கள் கடையில் விற்பது கயிறு, வலை நூல், தார்ப்பாய். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கிழிந்த பாயைச் சுருட்டிக்கொண்டு "இதுக்கு ஒட்டுப் போட முடியுமாம்மா" என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. பாயெல்லாம் ஒரே மாதிரிதான் கிழிந்திருக்கிறது. நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் இருக்கும் அலுமினிய ஐலெட் பிய்ந்து, அங்கே தொடங்கிய கிழிசல் உள்ளே ஓடியிருக்கிறது. கயிற்றின் இழுவை முழுவதும் அந்தச் சின்ன வளையத்தைச் சுற்றியுள்ள நாலு இழைகளில் விழுகிறது, அதுதான் காரணம்.

ஐலெட் போய்விட்டால் நம் ஆட்கள் பாயின் அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து, மேலே கயிற்றைச் சுற்றி இறுக்குவார்கள். நல்ல முறை, எனக்குப் பிடித்த முறை. ஆனால் இருட்டில், காற்றில், கூரை ஓரத்தில் நின்றுகொண்டு ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. பாயின் ஓரத்தை எந்த இடத்திலும் கவ்வி, இழுக்க இழுக்க இறுகும் ஒரு பிளாஸ்டிக் கிளிப் வேண்டும். இணையத்தில் விற்கும் வெளிநாட்டுக் கிளிப்புகளை வாங்கிப் பார்த்தேன். தடித்த பாயைப் பிடிக்கின்றன; இங்கே குடிசைக்கு வாங்கும் மெல்லிய பாயில் வழுக்குகின்றன. நம் பாய்க்கு நாமே டை, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தி உருவம் எடுக்கும் இரும்பு வார்ப்பு, வெட்டிச் செய்துகொள்வோம். அடுத்த பருவமழைக்கு முன் அது கடையில் இருக்க வேண்டும்.

ஜனவரி 26

கிளிப் எவ்வளவு இழுவை தாங்க வேண்டும்? முதலில் இது தெரிந்தாக வேண்டும். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றென்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடை. பன்னிரண்டுக்கு ஒன்பது அடிப் பாய் சுமார் பத்து சதுர மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 470 கிலோ. இரண்டு அடிக்கு ஒரு கிளிப் போட்டால் சுற்றிலும் 21 கிளிப், ஒன்றுக்கு 22 கிலோ சொச்சம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது காற்று 140 வரை போனது. வேகம் நூறிலிருந்து 140 ஆனால் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். மூலைகளில் இன்னும் கூடுதலாக இழுக்கும். அதனால் ஒரு கிளிப் 60 கிலோ தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் பாயே கிழிந்துவிடும். கிளிப் மட்டும் நிற்பதில் யாருக்கும் பயனில்லை.

பிப்ரவரி 16

சித்தப்பா மகன் இயந்திரவியல் படித்தவன். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தான். இரண்டு பாதிகள், நடுவில் மெல்லிய கீல், உள்பக்கம் பல், ஒரு ஓரத்தில் ஆப்பு. படத்தை இங்கே இப்போது போடமாட்டேன். பொதுவெளியில் ஏற்கெனவே வந்துவிட்ட உருவத்தை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய முடியாது. முதலில் விண்ணப்பம், பிறகுதான் படம். பதிவு கிடைத்தால் பத்து ஆண்டு பாதுகாப்பு, அதற்கு மேல் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். காப்புரிமைக்குப் போகவில்லை. இழுத்தால் இறுகும் ஆப்பு எவ்வளவோ பழைய விஷயம், அதை என்னுடையது என்று கேட்பது நியாயமில்லை.

மார்ச் 9

விண்ணப்பம் போய்விட்டது. அச்சு எடுத்த மாதிரிகள் கைக்கு வந்தன. முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ என்ற பொருள்தான் மலிவு, ஆனால் அது 60 டிகிரியிலேயே இளகிவிடும். மார்ச் வெயிலில் தகரக் கூரைமேல் வைக்கவே முடியாது. பெட்ஜி என்பதில் எடுத்தோம். இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது: அச்சு மாதிரியில் கீலைச் சோதிக்க முடியாது. படலம் படலமாக அடுக்கி வந்த பொருள் கீல் இடத்தில் முறிந்துவிடும். பல்லையும் ஆப்பையும் மட்டும்தான் சோதிக்கலாம். அதனால் மாதிரிகளில் கீலுக்குப் பதில் ஒரு ஊசி செருகினோம்.

ஏப்ரல் 27

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நிற்கின்றன, ஆட்களுக்கு நேரம் இருக்கிறது. கைதேர்ந்தவர்களிடம் கருத்துக் கேட்க இதைவிட நல்ல காலம் வராது.

தொங்கு தராசில் மாட்டி இழுத்தோம். பல் கூர்மையாக இருந்தால் பாயை அறுக்கிறது. மழுங்கலாக இருந்தால் ஈரப் பாயில் நழுவுகிறது. உருண்டை முனைப் பல்லை எதிரெதிராக, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழுகிற மாதிரி வைத்தபோதுதான் பாய் அலை அலையாக மடிந்து நன்றாகப் பிடித்தது. தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யம்மா, பிடி நல்லா இருக்கு. ஆனா கயிறு போடற ஓட்டை எனக்குப் பத்தாது. நாங்க எட்டு எம்எம் கயிறுல்ல கட்டுவோம். முடிச்சோட நுழையணும்." பத்து மில்லிமீட்டராக இருந்த ஓட்டை பதினெட்டானது. மீன் அங்காடியில் ஒரு அக்கா ஈரக் கையோடு ஒற்றைக் கையால் மூடிப் பார்த்தார், விரல் வழுக்கியது. வெளிப்பக்கம் கட்டைவிரல் படும் இடத்தில் வரிகள் வந்தன. இந்த இரண்டும் எந்த வரைபடத்திலிருந்தும் கிடைத்திருக்காது.

மே 18

எந்தப் பிளாஸ்டிக்? நைலான் வலுவானது, ஆனால் தண்ணீரை உறிஞ்சி அளவு மாறும். ஏபிஎஸ் பளபளப்பாக வரும். மடித்து விரிக்கும் மெல்லிய கீலுக்கு ஆகாது. கீல் என்று வந்துவிட்டால் பாலிபுரொப்பிலீன்தான், சுருக்கமாகப் பிபி. ஷாம்பு பாட்டில் மூடி ஆயிரம் தடவை திறந்து மூடினாலும் முறியாமல் இருப்பது பிபியால்தான். கீலின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டையிலிருந்து சூடாக வெளியே வந்ததும் ஒருமுறை மடித்துவிட்டால் மூலக்கூறுகள் மடிப்பின் குறுக்கே நீண்டு வரிசையாகும், கீல் அதற்குப் பிறகு உறுதியாகிவிடும்.

பிபிக்கு இரண்டு குறை உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் அதை நொறுக்கிவிடும். நிரந்தரமாகச் சுமை தொங்கினால் மெல்ல மெல்ல நீளும். முதல் குறைக்கு மருந்து கார்பன் கருப்பு. தண்ணீர் கொண்டுபோகும் எச்டிபிஇ குழாய் கருப்பாக இருப்பதும் இதற்காகத்தான். அந்தக் குழாய்க்கான ஐஎஸ் 4984 தரத்தில் கார்பன் கருப்பு இரண்டரை சதவீதம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நீலம், மஞ்சள் என்றால் கடையில் அழகாகத் தொங்கும். நான் கருப்பைத்தான் தேர்ந்தெடுத்தேன், கூடவே புற ஊதாத் தடுப்பு மாஸ்டர்பேட்ச் (பிளாஸ்டிக்கோடு கலக்கும் செறிந்த சேர்க்கைக் குருணை). இரண்டாவது குறைக்கு, சுமை கீலில் விழாமல் ஆப்பின் தடித்த உடம்பில் விழும்படி உருவத்தை மாற்றினோம்.

ஜூன் 7

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூம், அதாவது டை வெட்டும் பட்டறை. அங்கே டை செய்யும் அண்ணன் வரைபடத்தைப் பார்த்தபோது பேசிய விஷயங்களை மறக்காமல் எழுதி வைக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

தடிமன் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றார். ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்று மில்லிமீட்டரை இரண்டாக்கினால் ஆறும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும், ஒரு மணி நேரத்தில் வரும் கிளிப் எண்ணிக்கை அங்கேதான் முடிவாகிறது. வலு வேண்டும் என்றால் தடிமனைக் கூட்டாமல் விலா (சுவருக்கு முட்டுக்கொடுக்கும் மெல்லிய வரம்பு) கொடுக்க வேண்டும், அந்த விலாவும் சுவரில் பாதியளவு தடிமன்தான் இருக்கலாம். மிஞ்சினால் மறுபக்கம் குழி விழும். நேர்ச் சுவர்களுக்கெல்லாம் ஒரு டிகிரி சரிவு, இல்லாவிட்டால் பொருள் டையைக் கவ்விக்கொண்டு வெளியே வராது. இரண்டு பாதியையும் பூட்டும் எங்கள் கொக்கியில் ஒரு இடம் உள்ளே வளைந்திருந்தது. "இதுக்கு ஸ்லைடர், அதான் பக்கவாட்டுல நகர்ற துண்டு, போடணும் தங்கச்சி, டை செலவு ஏறிடும். கொக்கிக்கு நேர் கீழே ஒரு ஜன்னல் விடுங்க, ரெண்டு பாதி டையே போதும்" என்றார். ஜன்னல் விட்டோம்.

கேட், அதாவது பிளாஸ்டிக் டைக்குள் நுழையும் வாய், எங்கே என்பதில்தான் நீண்ட நேரம் போனது. இரண்டு பாதிக்கும் ஒவ்வொரு கேட் வைத்தால் உருகிய பிளாஸ்டிக் இரண்டு பக்கமிருந்தும் வந்து கீலில் சந்திக்கும். சந்திக்கும் கோடு எப்போதும் பலவீனம், அந்தக் கீல் சீக்கிரம் கிழியும். ஒரே கேட், ஒரு பாதியில். பிளாஸ்டிக் கீலைத் தாண்டிப் போய் மறுபாதியை நிரப்ப வேண்டும்.

பிறகு அவர் சொன்ன ஒன்று, இந்த வேலை முழுவதையும் எனக்குப் புரியவைத்தது. டையில் இரும்பை எடுத்தால் பொருளில் பிளாஸ்டிக் கூடும். எடுத்த இரும்பைத் திரும்ப வைப்பது கடினம்: வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். அதனால் சந்தேகமுள்ள அளவுகளை எல்லாம் பொருள் கொஞ்சம் தளர்வாக வரும் பக்கமே விட்டுவிட வேண்டும். சோதனைக்குப் பிறகு இரும்பைச் சுரண்டி இறுக்கிக்கொள்ளலாம். கொக்கியின் பூட்டை அப்படித்தான் தளர்வாக விட்டிருக்கிறோம்.

ஜூன் 22

கணக்கு. டை மூன்று லட்சம் என்று விலை வந்திருக்கிறது, பி20 இரும்பு. ஐயாயிரம் கிளிப் மட்டும் செய்தால் டைக்கே கிளிப்புக்கு 60 ரூபாய். ஐம்பதாயிரம் என்றால் ஆறு ரூபாய். கிளிப்பின் எடை 14 கிராம், பிபி குருணை கிலோ நூறு ரூபாய்க்குச் சற்று மேல், ஆக மூலப்பொருள் ஒன்றரை ரூபாய்தான். மெஷின் வாடகை, பேக்கிங், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தாலும் டையின் பங்குதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஐம்பதாயிரத்தை நான் ஒருத்தி முதுநகரில் விற்க முடியாது. காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் கொள்முதல் நிலையங்களில் குவியல்களைத் தார்ப்பாய் போட்டுத்தான் மூடுகிறார்கள். அங்கே போய்ப் பேச வேண்டும்.

டையின் அடித்தளத்தில் இரண்டு கேவிட்டிக்கு (ஒரு கிளிப் உருவாகும் குழி) இடம் விட்டு, இப்போதைக்கு ஒன்று மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் கேவிட்டி சரியான பிறகு இரண்டாவது. விரித்த நிலையில் கிளிப் ஒன்பதுக்கு நாலு சென்டிமீட்டர். இரண்டு சேர்ந்தாலும் 72 சதுர சென்டிமீட்டர், ரன்னரை (பிளாஸ்டிக் ஓடிவரும் வாய்க்கால்) சேர்த்து, 60 டன் விசையில் டையை மூடிப் பிடிக்கும் மெஷினில் அடங்கிவிடும்.

ஆகஸ்ட் 10

முதல் ஓட்டம். ஜவ்வரிசி மாதிரிக் குருணை மெஷினின் ஹாப்பரில் (மேல் புனல்) விழுந்தது, அதை உருக்கும் பீப்பாயின் சூடு 220 டிகிரி. முதல் சில ஷாட்டில் (ஒருமுறை பிளாஸ்டிக்கைச் செலுத்துவது ஒரு ஷாட்) மறுபாதி நிரம்பவே இல்லை. அழுத்தம் ஏற்றியதும் நிரம்பியது, கூடவே ஓரத்தில் மெல்லிய பிசிறு. வேகத்தைக் கூட்டி அழுத்தத்தைக் குறைத்தபோது பிசிறு போய்விட்டது. விலா இடத்தில் லேசான குழி தெரிகிறது, பிடிமானத்துக்கு அதனால் பாதகமில்லை. டையிலிருந்து வரும்போதே ஒவ்வொன்றையும் கையால் மடித்தோம். ஓட்டையின் அளவு பதினெட்டு வர வேண்டியது. பிபி ஒன்றரை சதவீதம் சுருங்கும் என்று டையைப் பெரிதாக வெட்டியிருந்தார்கள். ஒருநாள் ஆறவிட்டு அளந்தபோது 17.9. போதும்.

பூட்டு எதிர்பார்த்த மாதிரியே தளர்வு. டையைக் கழற்றி, இரும்பில் கால் மில்லிமீட்டரை ஸ்பார்க் பிடித்து, அதாவது மின்பொறியால் அரித்து, எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 24

பூட்டு இப்போது சொடுக்கென்று விழுகிறது. தராசில் மெல்லிய பாய் 50 கிலோவைத் தாண்டியதும் கிழிந்தது, கிளிப் அப்படியே நின்றது. அதே கிளிப்பைத் தடித்த பாயில் மாட்டி 60 வரை இழுத்தோம், நழுவவில்லை. மொட்டை மாடியில் 20 கிலோ மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். பகல் வெயிலில் கிளிப் எவ்வளவு நீள்கிறது என்று பென்சில் கோடு போட்டுக் குறித்து வருகிறேன்.

செப்டம்பர் 14

மணல் மூட்டைக் கிளிப்புகள் நீண்டது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதுவும் முதல் சில நாட்களில்தான். இரண்டாவது கேவிட்டி வெட்டச் சொல்லிவிட்டேன்.

டை யாருக்குச் சொந்தம் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது: டை என்னுடையது, இருப்பு அவர்களிடம், என் எழுத்து இல்லாமல் வேறு யாருக்கும் ஓட்டக்கூடாது, துருப் பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைப்பது அவர்கள் பொறுப்பு. அண்ணனே முன்வந்து எழுதிக் கொடுத்தார். கிளிப்பின் உள்பக்கம் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும் வருகிறது. பழையது வாங்குகிறவர் பிபி என்று அறிந்து தனியே பிரிக்கலாம்.

பதிவு விண்ணப்பம் போய்விட்டதால் படங்களை இனி தைரியமாகப் போடலாம். முதல் சரக்கு அடுத்த வாரம் வருகிறது. பத்து கிளிப் ஒரு பொட்டலம். தேவனாம்பட்டினம், தாழங்குடாக்காரர்களுக்கு முதலில். அக்டோபர் மழை தொடங்குவதற்குள் ஒவ்வொரு பொட்டலத்தோடும் மாட்டும் முறையைக் கடையிலேயே செய்து காட்டுவேன்.