“இந்த வருஷம் வேண்டாம்மா”: ஒரு லெந்துகால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பின் முதல் நாள். ஆராதனை முடிந்து பாளையங்கோட்டை நெரிசலில் வீடு வந்து சேர எட்டேகால் ஆகிவிட்டது. இன்றிலிருந்து ஈஸ்டர் வரை வீட்டில் கறி மீன் கிடையாது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எழுபத்தாறு வயதாகிறது. இந்த நாட்களில் காலைச் சாப்பாட்டையும் விட்டுவிடுவார்கள். டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை. சின்னவன் லெந்து காணிக்கைக்கு மண் உண்டியல் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான்.

குடும்ப ஜெபத்தில் யோவான் சுவிசேஷத்தைத் தொடங்கியிருக்கிறோம், ஒரு நாளைக்கு அரை அதிகாரம். இங்கே ஒன்பது மணி என்றால் மஸ்கட்டில் ஏழரை; அங்கே இருக்கும் என் கணவர் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, பாயில் வட்டமாக உட்காருவோம். மகள் இங்கிலீஷ் பைபிள், அத்தை அட்டை கிழிந்த பழைய வேதம், நான் போனில். சின்னவன் எழுத்துக்கூட்டித் தமிழில்தான் வாசிக்க வேண்டும் என்பது அவன் அப்பா போட்ட சட்டம். “ஒரேபேறான” என்ற இடத்தில் மாட்டிக்கொண்டான். நடுவில் இரண்டு தரம் லைன் கட்டானது. ஜெபம் மட்டும் நிற்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆலயத்தில் அறிவிப்பு வாசித்தார்கள். மே 4-ஆம் தேதி பேராயர் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை (ஞானஸ்நான வாக்கைப் பிள்ளைகள் தாங்களே ஏற்றுக்கொள்ளும் சடங்கு). 14 வயது நிறைந்தவர்கள் பெயர் கொடுக்கலாம், சனிக்கிழமைதோறும் வகுப்பு. அத்தை வீட்டுக்கு வருவதற்குள் வெள்ளை உடுப்புக்குத் துணி எங்கே எடுப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்: “நான் இந்த வருஷம் எடுக்கலம்மா. இந்த வருஷம் வேண்டாம்.”

“ஏட்டி, என்ன சொல்லுத? உன் கூடப் படிக்கிற பிள்ளைய எல்லாம் எடுக்குதுவ. ஊரு என்ன பேசும்?” என்றார்கள் அத்தை.

அவள் பதில் பேசாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அவளே ஆரம்பித்தாள். அவளுடைய வகுப்புத் தோழியின் அப்பா ஜனவரியில் இறந்துபோனார். இந்துக் குடும்பம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இவள் தினமும் ஜெபித்திருக்கிறாள். தோழியிடமும் “எங்க ஆண்டவர் சுகம் தருவார்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் போன பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். எங்கள் ஆலயத்தில் யாரிடமோ கேட்டதற்கு, “அதெல்லாம் தேவ சித்தம், கேள்வி கேட்கக் கூடாது” என்று வாயை அடைத்துவிட்டார்கள். “பேராயர் முன்னாடி நின்னு நம்புறேன்னு சத்தமா சொல்லணும்ல? இப்ப சொன்னா அது பொய்ம்மா.”

எனக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. ஆனால் என் மகளை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானத்தில் அவளுக்காக நாங்களும் ஞானப்பெற்றோரும் மூன்று வாக்குக் கொடுத்தோம்: பிசாசின் கிரியைகளை வெறுப்பாள், விசுவாசப்பிரமாணத்தை நம்புவாள், கட்டளைகளைக் கைக்கொள்வாள். திடப்படுத்தலில் அதை அவளே தன் வாயால் ஏற்றுக்கொள்கிறாள். அடுத்தவர் கொடுத்த வாக்கைத் தனதாக்கிக்கொள்ளும் நாள் அது. அதைப் பொய்யாகச் செய்ய மாட்டேன் என்பவளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

போனில் வரும் வீடியோக்கள்தான் இதற்கெல்லாம் காரணம் என்று பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். போனால் கெடுதல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் மகளுக்குக் கேள்வி போனிலிருந்து வரவில்லை. ஒரு சாவு வீட்டிலிருந்து வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

மாலையில் மகளோடு கிளாரிந்தா ஆலயம் வரை நடந்தேன். பல தரம் பார்த்த கோயில்தான். இன்று அதைக் கட்டிய கிளாரிந்தா அம்மாவின் கதையைச் சொன்னேன். கணவனை இழந்த மராத்திப் பிராமணப் பெண். லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தபோது ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். அந்த வாழ்க்கையில் இருக்கும்வரை தர முடியாதென்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778-இல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-இல் எழுதிய சபைப் பதிவில் 40 பேர். 1785-இல் அவர் கட்டிய இந்தக் கோயிலைச் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார்.

“காத்திருந்த நாள்ல அவங்க வேதத்தை விட்டுட்டாங்களா?” என்று கேட்டாள். விட்டிருந்தால் இந்தக் கோயில் ஏது என்றேன். பிறகு இரண்டு பேரும் பருத்திப்பால் குடித்துவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 2, புதன்

எங்கள் சபைக் குருவானவரான ஐயரைப் பார்த்தோம். கண்டிப்பாரோ என்று பயந்துகொண்டேதான் போனேன். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்த மனிதர் ஏன் இறந்தார் என்பதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவருடைய அம்மா தவறியபோது தானும் இதையே கேட்டதாக மட்டும் சொன்னார். 13-ஆம் சங்கீதத்தையும் 88-ஆம் சங்கீதத்தையும் வாசிக்கச் சொன்னார். வகுப்புக்கு வரட்டும், பெயர் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம் என்றார்.

இரவு ஜெபத்தில் மகளே 88-ஐ வாசித்தாள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் கடைசியிலாவது ஒரு துதி வரும். இது இருளிலேயே முடிகிறது. வாசித்து முடித்ததும் மஸ்கட்டிலிருந்து அவர், “இதையும் பைபிள்ல வச்சிருக்காங்க பாரு மக்களே” என்றார். ஊரில் பிள்ளைகளோடு உட்கார முடியாத மனிதர், தனி அறையில் இருந்துகொண்டு சொன்னார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். ஃபேன் ஓடியும் உடுத்திய சேலை நனைந்துவிட்டது. முடிந்ததும் வளாகத்தில் கஞ்சியும் துவையலும். சின்னவன் இரண்டு கிண்ணம் குடித்தான்.

ஆட்டோவில் வரும்போது மகள் கேட்டாள்: “நாலாவது வார்த்தையில இயேசுவே ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’னு கேக்குறாரே ஆச்சி. நான் கேட்டா மட்டும் ஏன் தப்பு?”

வீடு வரும்வரை அத்தை வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர்களே பேச ஆரம்பித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கும் தெரியாத விஷயம். இவருக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் போயிருக்கிறது. 1975. அப்போது கிராமத்தில் இருந்தார்கள். பஸ் கிடைத்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் மடியிலேயே முடிந்துவிட்டது.

“அதுக்கப்புறம் அஞ்சாறு மாசம் நான் கோயிலுக்குப் போகலட்டி. வேதத்தைத் துணியில சுத்திப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். உபதேசியார் பெஞ்சாதி தினமும் சாயங்காலம் வருவா. வான்னும் கூப்பிட மாட்டா, ஜெபம் பண்ணுன்னும் சொல்லமாட்டா. எங்கூட இருந்து புளி உடைப்பா, உளுந்து புடைப்பா. போகும்போது வாசல்ல நின்னு அவ ஜெபிச்சிட்டுப் போவா. எனக்குச் சேர்த்து அவ ஜெபிச்சா, அவ்வளவுதான்.”

“அப்புறம் எப்படி ஆச்சி போனீங்க?”

“ஒரு நாளு அவளுக்குக் காய்ச்சல், வரல. நான் போய்ப் பாத்தேன். அன்னைக்கு வாசல்ல நின்னு நான் ஜெபிச்சேன்.”

அந்தப் பிள்ளை ஏன் போயிற்று என்று இன்றைக்கும் தெரியாதாம். மேலே போய்க் கேட்கப்போவதாகச் சொன்னார்கள். மகள் ஆச்சியின் காலருகே நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார். லோவிசாள் பேரனிடம் என்ன பேசினாள் என்று எழுதிவைக்கவில்லை. இப்படி ஏதாவதுதான் பேசியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் ஜெயித்த சாட்சிகளை மட்டும் சொல்கிறோம். பெட்டிக்குள் வேதம் கிடந்த மாதங்களையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அதிகாலை நாலு மணிக்கே ஆராதனை. மதியம் பிரியாணி. தோழி வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் மகளே கொண்டுபோய்க் கொடுத்தாள். வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 26, சனி

பரீட்சை நாட்களில் விட்டுப்போனதால் இன்றுதான் யோவான் 20-இன் பின்பாதி. இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்டால் ஒழிய நம்பமாட்டேன் என்று சீடன் தோமா சொல்லிவிட்டான். எட்டு நாள் கழித்து ஆண்டவர் வரும்போதும் அவன் அதே வீட்டுக்குள்தான் இருக்கிறான். நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று பேதுருவும் யோவானும் அவனை வெளியே அனுப்பவில்லை. அவனும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அந்த எட்டு நாளும் அவர்களோடு என்ன சாப்பிட்டான், என்ன பேசினான் என்று இன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்த எட்டு நாள்தான் முக்கியம். நம் வீடுகளில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை விடாமல் போனாள். பெயர் கொடுக்கவில்லை. இன்று பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்க, வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பிள்ளைகள் முழங்காற்படியிட்டார்கள். என் மகள் எங்களோடு பெஞ்சில் இருந்தாள். சபையில் இரண்டு பெண்கள் வந்து, “என்ன, உன் மக எடுக்கலையா?” என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார், “அவ அடுத்த வருஷம் எடுப்பா, எடுக்கும்போது எடுப்பா” என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே போட்டோக்காரர்களும் ஃப்ளெக்ஸ் பேனரும் கூட்டமுமாகக் கல்யாண வீடு போல் இருந்தது. பிள்ளையின் பெரிய நாளைக் கொண்டாடட்டும். ஆனால் பீடத்தின் முன் முழங்காற்படியிட்டிருக்கும் பிள்ளையை, “இந்தப் பக்கம் பார்” என்று போட்டோவுக்குத் திருப்புவது எனக்குப் பிடிக்கவே இல்லை. இதைச் சபைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன்.

மே 5, திங்கள்

விடுமுறை வேதாகமப் பள்ளி நாளைக்குத் தொடங்குகிறது. மழலையர் வகுப்புக்கு உதவிக்கு ஆள் போதவில்லை என்று ஐயரம்மா கேட்டதும் மகள் வருகிறேன் என்றுவிட்டாள். தோழியையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாளாம், படம் வரைய அவளுக்குக் கைவரும் என்று. வரட்டும் என்றிருக்கிறார்கள். இப்போது கூடத்தில் இரண்டு பேரும் சார்ட் பேப்பரில் நோவாவின் பேழையை வரைந்துகொண்டிருக்கிறார்கள். யானை மட்டும் பேழையைவிடப் பெரிதாக வந்துவிட்டது என்று சின்னவன் சண்டைக்கு நிற்கிறான். காலையில் எட்டு மணிக்கு ஆலயத்தில் இருக்க வேண்டும். அத்தை இப்போதே இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டார்கள்.