பாத் போட்டீங்க சரி, யாருடைய அக்கவுண்டில்?

ஹட்டனில் டிப்ளோமா படித்தபோது ஜாவா செய்முறைப் பரீட்சையில் முதல் அரை மணி நேரம் நான் ஒரு வரி புரோகிராம் கூட எழுதவில்லை. புரோகிராம் தெரியாமல் இல்லை, முந்தின ராத்திரியே மூன்று தடவை எழுதிப் பார்த்ததுதான். எழுதிய புரோகிராமை ஓடக்கூடியதாக மாற்றுகிற கம்பைலரையே மெசின் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் பாத், அதாவது கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்கிற பட்டியல். இந்த வருசம் எழுதப் போகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே லாகின். பரீட்சை அன்றைக்கு மட்டும் சுட்டெண் வாரியாகத் தனித்தனி அக்கவுண்ட் போட்டு வைத்திருந்தார்கள். பொகவந்தலாவையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து விறைத்த கையோடு உட்கார்ந்தவனுக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை, நான் பழகிய அதே மெசின்தானே. கமாண்ட் ப்ராம்டில் 'ஜாவா' என்று அடித்தால் பதில் வருகிறது, கம்பைலரைக் கூப்பிடுகிற 'ஜாவா-சி' (javac) என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்கிறது. ஜேடிகே 8 இல், அதாவது ஜாவா புரோகிராம் எழுதுகிறவர்கள் இன்ஸ்டால் பண்ணுகிற தொகுப்பில், இது வழமை. ஓட்டுகிற ஜாவாவை இன்ஸ்டாலரே பாத்தில் சேர்த்துவிடும், கம்பைலர் இருக்கிற 'பின்' ஃபோல்டரை நாம்தான் சேர்க்க வேண்டும். வகுப்பில் சேர்த்தும் இருந்தோம், ஆனால் அந்தப் பழைய லாகினின் யூசர் வேரியபிளில். யூசர் வேரியபிள் அந்தந்த அக்கவுண்டின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கிற இடம்) இருப்பது, புது அக்கவுண்டுக்கு அது தெரியாது.

சரி, திரும்பப் போடலாம் என்று கம்பியூட்டர் ப்ராப்பர்ட்டீஸ் வழியாகப் போனேன், அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது. கை தூக்கினேன், சேர் வந்து பாஸ்வேர்டை அடித்துவிட்டுப் போனார். பாத்தைச் சேர்த்தேன், ஓகே கொடுத்தேன், புது விண்டோ திறந்தேன், அதே பதில். இன்னொரு தடவை போட்டேன், அதே பதில். வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில்!

நடந்தது என்னவென்றால், அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்ததும் அந்தப் பெட்டி அட்மினின் பெயரில் திறந்துவிட்டது. மேல் பாதியில் 'யூசர் வேரியபிள்ஸ் ஃபார்' என்று போட்டு பக்கத்தில் பெயர் இருக்கும் பாருங்கள், அதில் இருந்தது என் சுட்டெண் இல்லை, சேருடைய லாகின். இரண்டு தடவையும் அவர் அக்கவுண்டுக்குத்தான் பாத் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அக்கவுண்டுக்கு மட்டும் என்றால் அட்மின் தேவையே இல்லை. கண்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸுக்குள் போனால் இடது பக்கத்தில் 'சேஞ்ச் மை என்விரோன்மென்ட் வேரியபிள்ஸ்' என்று இருக்கும், அதால் போங்கள். பாஸ்வேர்ட் கேட்காது, கீழே எல்லா அக்கவுண்டுக்கும் பொதுவான சிஸ்டம் பகுதியின் பட்டன்கள் மங்கிக் கிடக்கும், அதைக் கவனிக்க வேண்டாம். மேலே உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பாத்தில் 'பின்' ஃபோல்டரைச் சேருங்கள். ஜாவா ஹோம், அதாவது ஜேடிகே இருக்கிற இடத்தைச் சொல்கிற வேரியபிள், போடச் சொன்னால் அதற்கு 'பின்' வரக்கூடாது, அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டர். அப்புறம் ஏற்கெனவே திறந்திருந்த கறுப்பு விண்டோவை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள், பழையதற்கு மாற்றம் தெரியாது.

'செட்எக்ஸ்' (setx) கட்டளையால் செய்கிறவர்களும் உண்டு. ஜாவா ஹோமுக்குச் சரி, பாத்துக்கு வேண்டாம். பழைய பாத்தோடு சேர்த்துப் போட்டால் சிஸ்டம் பாத்தையும் அள்ளி யூசர் பாத்துக்குள் கொட்டிவிடும், 1024 எழுத்தைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டியும் விடும். இன்னொன்று, ஒரே பெயரில் வேரியபிள் யூசர், சிஸ்டம் என்று இரண்டு பக்கமும் இருந்தால் பொதுவாக யூசருடையதுதான் எடுபடும், பாத் மட்டும் அப்படியில்லை. அதில் சிஸ்டத்துடையது முன்னால், நம்முடையது வாலில். அதனால் சிஸ்டம் பாத்தில் பழைய ஜேடிகே ஒன்று கிடந்தால் அதுதான் ஓடும். 'வேர் ஜாவா-சி' (where javac) என்று அடித்தால் எது முதலில் அகப்படுகிறது என்று காட்டும். நேரம் இல்லையென்றால் 'செட்' (set) கட்டளையில் உங்கள் 'பின்' ஃபோல்டரை பாத்துக்கு முன்னால் போட்டுவிடுங்கள். அந்த விண்டோவை மூடும்வரை மட்டும்தான் இருக்கும், பரீட்சைக்கு அது போதும்.

நான் கடைசியில் அப்படித்தான் தப்பினேன், இரண்டாவது கேள்வி பாதியில் நின்றது. வீட்டில் லேப்டாப் இருந்தால் அட்மின் இல்லாத ஒரு அக்கவுண்ட் போட்டு, பரீட்சைக்கு முந்தின வாரம் அதற்குள் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பாருங்கள். எனக்கு இப்போது நாலு நிமிசம் பிடிக்கிறது.