கூண்டு எண் மட்டும் போதாது

புயல் காலத்தில் வானொலி நிலையத்துக்கு வரும் குறிப்புகளுக்கு ஒரே நடைதான். ‘தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டிருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்...’ அதை அப்படியே வாசித்துவிட்டு மைக்கை அணைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் தலைஞாயிறு பக்கம் கூரைவீட்டில் இருந்து கேட்பவருக்குத் தெரியவேண்டியது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, இருட்டுவதற்குள் கிளம்பவேண்டுமா, மாட்டை என்ன செய்வது என்பதுதான். முகாமுக்கு வர மறுக்கிறவர்களில் பலர் பிடிவாதக்காரர்கள் இல்லை, ஆடு மாடு வைத்திருப்பவர்கள். ‘கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். 8, 9, 10 மூன்றுமே பெரிய அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல்காரருக்குச் சொல்லும் சேதி அது. நடவு வயல்காரர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

வெள்ளத்தில் இதே சிக்கல் கன அடியாக வரும். மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பியதும் எண்கள் வந்துகொண்டே இருக்கும். 2018 ஆகஸ்டில் விநாடிக்கு 2 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்தன. கொள்ளிடக் கரையில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு மாதிரியான ஊர்க்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: “போன தடவை கோயில் வாசல் வரைக்கும் வந்துச்சே, இப்ப அதுக்கு மேலயா, கீழயா?” இதற்குப் பதில் பெரும்பாலும் மேலதிகாரிகளிடம் கிடைக்காது. கரையில் சைக்கிளில் போய்வரும் லஸ்கரிடம், அதாவது ஆற்றையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியரிடம் கிடைக்கும். அவர் போன் நம்பர் இல்லாத வானொலி நிலையம் டெல்டாவில் இருந்து என்ன பயன்?

இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கண் நேராகக் கடக்கும் ஊரில், பேயாட்டம் போட்ட காற்று சட்டென்று நின்றுவிடும். மழைகூட விடும். ‘சரி, போயிடுச்சு’ என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகையைப் பார்க்க வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடுத்த அடி விழும். முதல் காற்றில் வேர் தளர்ந்த தென்னை இரண்டாவதில் சாயும், அதுவும் நினைக்காத பக்கமாக. ஆகவே ‘புயல் கரையைக் கடக்கத் தொடங்கியது’ என்று தனியாகச் சொல்லவே கூடாது. ‘காற்று நின்றாலும் கதவைத் திறக்காதீர்கள், எதிர்ப்பக்கமிருந்து திரும்ப வரும், முடிந்ததும் நாங்களே சொல்வோம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதையும் மின்சாரம் போவதற்கு முன்பே, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே, சலிக்கச் சலிக்கச் சொல்லவேண்டும். நடுராத்திரியில் எத்தனை பேர் ரேடியோவைப் போட்டு வைத்திருப்பார்கள்?

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்புறம் டிவி ஏது, செல்போன் டவர் ஏது? பேட்டரி ரேடியோ இருந்தவர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடியது. போனில் எஃப்எம் கேட்க இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா என்பதைக்கூட அந்த வாரம் சொல்லவேண்டியிருந்தது. புயல் போன பிறகுதான் எங்களுக்கு வேலை அதிகம். எந்த ரோட்டில் மரம் அகற்றியாகிவிட்டது, தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, இப்படி. கேட்க அலுப்பான செய்திகள்தான். ஆனால் அறிக்கைகளைவிட இவற்றுக்குத்தான் காது கொடுத்தார்கள்.

புரளிக்கு நான் வைத்திருக்கும் வழி எளியது. ‘கரை உடைந்ததாகப் பரவும் தகவல் தவறு’ என்று வாசிப்பதில்லை. பாதி கேட்டவர் காதில் ‘கரை உடைந்தது’ மட்டும்தான் விழும். ‘இப்போது இரவு 9 மணி. கரையில் ஆட்கள் நிற்கிறார்கள், கரை நன்றாக இருக்கிறது. அடுத்த தகவல் 10 மணிக்கு’ என்பேன். சொன்னபடி 10 மணிக்கு, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், மைக்கில் வந்துவிடுவேன்.