மழைக்காலத்தில் வீட்டுக்குள் சைக்கிள்: மலையகத்துக்கு ஏற்ற ஏற்பாடுகள்

குளிர்காலத்தில் சைக்கிளை ட்ரெய்னர் என்ற தாங்கியில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதித்து வீட்டுக்குள் பயிற்சி செய்வது பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதப்படுவது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், வீதியில் பனி உறைந்து கிடக்கும், ஆகவே உள்ளே மிதியுங்கள் என்பார்கள். நமக்கு இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை. மார்கழியிலும் இலங்கை மலையகத்தில் பகல் ஏறத்தாழ பதினொன்றே முக்கால் மணித்தியாலம். நம்மை உள்ளே தள்ளுவது மழையும் மூடுபனியும். அதுவும் மலைக்கு மலை வேறு மாதத்தில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தை நனைத்தெடுக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை எல்லாருக்கும் பொது. டிசம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை பதுளை, பண்டாரவளை என்று ஊவாப் பக்கம் இறங்கும். அதனால் நவம்பர் முதல் பெப்ரவரி வரை உள்ளே மிதிக்கச் சொல்லும் வெளிநாட்டு அட்டவணையை ஹட்டன்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால், வெளியே ஓட நல்ல வெயில் இருக்கும் ஜனவரியைச் சுவரைப் பார்த்தபடியே கழித்துவிடுவார்.

தினமும் மிதிக்க ஊக்கம் வரவில்லை என்கிறவர்கள் முதலில் உடுப்புக் கொடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நம் மலைகளில் பயிற்சி அறுந்துபோவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல. காயாத காற்சட்டை, வழுக்கும் டயர், புழுங்கும் அறை ஆகிய மூன்றால்தான்.

காற்சட்டையிலிருந்தே தொடங்கலாம். பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டை மூடுபனிக் காலத்தில் கொடியில் தொங்கினால் இரண்டு நாளானாலும் காயாது. அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும், கொப்புளம் வரும், பூஞ்சைத் தொற்றும் வரும். அதோடு ஒரு வாரம் போய்விடும். தினமும் மிதிப்பவருக்குக் குறைந்தது மூன்று காற்சட்டை வேண்டும். உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். மிதித்து முடிந்த கையோடு அலசி, துவாய்க்குள் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி மிதித்தால் பெரும்பாலான நீர் துவாய்க்கு வந்துவிடும். பிறகு பஞ்சு வெளியே தெரியும்படி புரட்டி, பயிற்சிக்கு வைத்த ஃபேனுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தால் பஞ்சு இறுகிப்போகும், புகை மணமும் போகாது.

ஃபேன் என்றதும், நுவரெலியாக் குளிரில் ஃபேன் எதற்கு என்று கேட்பார்கள். உடல், உணவிலிருந்து எடுக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை மட்டுமே பெடலுக்குக் கொடுக்கிறது. மீதி சூடாகப் போகிறது. நீங்கள் 150 வாட்டில் மிதித்தால் உடலுக்குள் 450 வாட்டுக்கும் மேல் சூடு உண்டாகும். வீதியில் ஓடும்போது எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அறைக்குள் அந்தக் காற்று இல்லை. ஃபேன் இல்லாவிட்டால் இருபதாவது நிமிடத்தில் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும், அதே வேகம் இரட்டிப்புக் கஷ்டமாகத் தெரியும், நாளைக்கு ஏறவே மனம் வராது. விடியற்காலை பத்துப் பன்னிரண்டு பாகையில் தொடங்கும்போது சுவெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். வியர்வை அரும்பியதும் சுவெட்டரைக் கழற்றி ஃபேனைப் போடுங்கள். முகத்துக்கு அல்ல, நெஞ்சுக்கு நேராக. ஜன்னலை ஒரு சாணாவது திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் வியர்வை ஆவி சுவரில் படிந்து மாதக் கடைசியில் கரும்பூஞ்சை பிடிக்கும். குளிருக்காகக் கரிச்சட்டியைக் கொளுத்தி மூடிய அறைக்குள் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கரி எரிகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. வேகமாக மூச்சு வாங்குகிறவர் அதையும் வேகமாகவே உள்ளே எடுப்பார்.

இனி இயந்திரம். பின்சில்லை உருளையில் அழுத்தும் ட்ரெய்னர்தான் விலை குறைவு. இதில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி டயர் காற்றினால் வருவது. மெல்லிய வீதி டயரான 700×25க்கு 100 பீஎஸ்ஐ அளவில் காற்று அடித்து, உருளை டயரைத் தொட்டதும் குமிழை மேலும் இரண்டு அல்லது இரண்டரைச் சுற்று இறுக்குங்கள். பிறகு ஃப்ளைவீலை, அதாவது உருளையோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரத்தை, கையால் திருப்பிப் பாருங்கள். டயர் வழுக்காமல் சில்லும் சேர்ந்து சுழன்றால் போதுமானது. வேகமாக மிதிக்கையில் கிறீச்சிட்டாலோ கீழே கறுப்புத் தூள் கொட்டினாலோ அழுத்தம் போதாது. அளவுக்கு மீறி இறுக்கினால் டயர் சூடேறித் தேயும். காற்றைத் தினமும் பார்க்க வேண்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் ஐந்து பீஎஸ்ஐ குறைந்தாலே மிதிக்கும் கனம் மாறும். திரவ ட்ரெய்னராக இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகும்வரை, நம் குளிரில் முதல் பத்துப் பதினைந்து நிமிடம், காட்டும் வாட் எண்ணை நம்பாதீர்கள். அளவுதிருத்தம் செய்வதும் அதன் பிறகுதான்.

மலையகத்தில் அதிகம் இருப்பது மௌன்டன் பைக். முள் டயரை உருளையில் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கிரைண்டர் ஓடுவதுபோல் கேட்கும். பின்னால் மட்டும் வழுவழுப்பான டயர் மாற்றுங்கள். அச்சில் நட் பூட்டிய சைக்கிள் என்றால் ட்ரெய்னரின் கொளுவி பிடிக்காது. வாங்கும் முன்பே அதற்கான இணைப்பு உண்டா என்று கேளுங்கள். அச்சில் விரைவுப் பூட்டு (கையால் நெம்பித் திறக்கும் கம்பி) உள்ள சைக்கிளானாலும் அதை எடுத்துவிட்டு ட்ரெய்னரோடு வரும் இரும்புக் கம்பியையே போட வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பொதுச்சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, கீழே தடித்த இறப்பர் விரிப்பு போடுங்கள். சீமெந்துத் தரையில் இது போதும். பலகைத் தரை அதிரும். அங்கே விரிப்பை இரட்டையாகப் போட வேண்டியிருக்கும். சுமார் ஆறு அடிக்கு மூன்று அடி இடம் கிடைத்தால் சைக்கிளைக் கழற்றாமல் மாட்டியபடியே விடுங்கள். தினமும் மாட்டிக் கழற்றுகிறவர் இரண்டாவது வாரம் தாண்டுவது அரிது.

என்ன மிதிப்பது? தினமும் மிதிப்பதென்றால் தினமும் மூச்சிரைக்க மிதிப்பது என்று அர்த்தமில்லை. ஏழு நாளில் இரண்டு நாள் கடினம், ஒரு நாள் நீளம், ஒரு நாள் ஓய்வு அல்லது இருபது நிமிடம் கால் ஆட்டல். மற்ற நாட்களில் 30 முதல் 45 நிமிடம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில். முதல் கடின நாளில் பன்னிரண்டு நிமிடம் சூடேற்றிவிட்டு நாலு நிமிடம் வீதம் ஐந்து தடவை, பத்துக்கு எட்டு என்று தோன்றும் கஷ்டத்தில். இடையில் மூன்று நிமிடம் லேசாக.

இரண்டாவது கடின நாளை ஏற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். றம்பொடை ஏற்றத்திலோ ஹப்புத்தளை ஏற்றத்திலோ காலுக்கு வேண்டியது நிமிடத்துக்கு 60, 65 சுற்றில் நீண்டநேரம் அழுத்தும் பலம். ஆறு நிமிடம் வீதம் நாலு தடவை, நாலு நிமிட இடைவெளியோடு செய்யுங்கள். இதில் கியர் தெரிவு முக்கியம். ட்ரெய்னரில் முன்னால் பெரிய பல்சக்கரம் போட்டால் ஃப்ளைவீல் வேகமாகச் சுழன்று காலைத் தானே இழுத்துக்கொண்டு போகும்; அது சமவெளி உணர்வு. சின்னப் பல்சக்கரம் போட்டால் ஃப்ளைவீல் மெதுவாகச் சுழலும். கால் நின்றால் சில்லும் நிற்கும். ஏற்றம் அப்படித்தான். தானாகக் கனம் மாற்றும் ட்ரெய்னரிலும் இதே கதைதான். முன்சில்லுக்கு அடியில் வைக்கும் கட்டையை ஐந்து சென்ரிமீற்றர் கூடுதலாக உயர்த்தினால், அச்சுக்கு அச்சு ஒரு மீற்றர் இருக்கும் சைக்கிளில் ஐந்து வீதச் சாய்வு கிடைக்கும். இடுப்பும் முதுகும் உண்மையான ஏற்றத்தில் இருக்கும் நிலைக்கு வரும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; சுற்றை 70க்கு மேல் கொண்டுபோங்கள்.

ட்ரெய்னரில் சைக்கிள் ஆடாது. ஒரே இடத்தில் அழுத்தம் படும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நின்று மிதிக்காவிட்டால் மரத்துப்போகும். குடிக்க: ஒரு லீற்றர் நீரில் மூன்று மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, பாதி தேசிக்காய். மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல். குளிரில் தாகம் தெரியாது என்பதால் போத்தல் நிரம்பியபடியே இருந்துவிடும்.

ஏற மனமில்லாத நாட்கள் வரத்தான் செய்யும். அன்றைக்குப் பத்து நிமிடம் மட்டும் மிதிப்பது என்று ஏறுங்கள். பத்து நிமிடம் கழித்தும் உடல் கனமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். அந்த நாள் கணக்கில் சேரும். கழுத்துக்குக் கீழே சளி, காய்ச்சல் என்றால் அந்தப் பத்து நிமிடமும் வேண்டாம். நாளைக் குறிக்கச் சுவர்க் கலண்டரே போதும், ஆனால் கிலோமீற்றரை எழுதாதீர்கள். உள்ளே கிலோமீற்றருக்கு அர்த்தமில்லை. நிமிடமும் பத்துக்கு எத்தனை கஷ்டம் என்பதும் எழுதுங்கள். கொழும்பில் இருக்கும் நண்பரின் வாட் எண்ணோடு ஒப்பிட்டு மனம் சோர்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இருபது நிமிடம் முழுப் பலத்தோடு மிதித்து வாட் பார்க்கும் சோதனையில் அதே கால் அங்கே சில வீதம் குறைவாகத்தான் காட்டும். உங்கள் எண்ணை உங்கள் போன மாத எண்ணோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

மழைக்காலம் என்றால் மின்வெட்டும் உண்டு. திரவ ட்ரெய்னர், காந்த ட்ரெய்னர் இரண்டும் மின்சாரமில்லாமலே ஓடும். மின்சாரத்தில் இயங்கும் ட்ரெய்னர் வைத்திருப்பவர்கள் அன்றைய பயிற்சியைத் தாளில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிவையுங்கள். கரண்ட் போனால் இருக்கிற கனத்தில் சுற்றை ஏற்றி முடிக்கலாம். ஒக்டோபர் இடிமழைப் பின்னேரங்களில் மிதித்து முடிந்ததும் புளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மழை விட்டு வீதிக்கு இறங்கும் முன் இரண்டு வேலை. வியர்வை உப்பு ஹேண்டில் தண்டின் ஆணிகளையும் ஹேண்டில் திரும்பும் கிண்ணத்துப் பெயாரிங்குகளையும் அரிக்கும். உள்ளே மிதிக்கும் காலமெல்லாம் துவாயை ஹேண்டில்மேல் போட்டிருந்தாலும், ஆணிகளைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். ஹேண்டிலை இடம் வலம் திருப்பி மணல் அரைபடுவதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது டயர். ட்ரெய்னருக்கென்று விற்கும் கடின டயர் நனைந்த தாரில் பிடிக்காது. அதை மாட்டியபடி றம்பொடை வளைவுகளில் இறங்கினால் முதல் வளைவிலேயே பின்சில்லு வழுக்கிவிடலாம். வீதி டயரை மாற்றி, பிரேக் கட்டைகள் சில்லின் விளிம்பில் சரியாகப் படுகின்றனவா என்று பார்த்த பிறகே வெளியே எடுங்கள்.